உள்ளேருந்து திறக்காத கதவு

...இல்ல தம்பி, நீங்களே சொல்லுங்க, நம்ம மங்கோலியாவுல, இந்த உலான்பாத்தர் குளிர்ல ஹீட்டர் இல்லாத காரை எவனாவது வாங்குவானா? என் மச்சினன் ஒச்சிர் வாங்கச் சொன்னான்! டாக்ஸி ஓட்டலாம்னு போனா, சந்தையில ரெண்டே வண்டிதான் நம்ம கைக்கு எட்டுச்சு. வெள்ளைக்கு ஹீட்டர் போச்சு. இந்த நீலத்துக்கு, குளிர் ஏறிட்டா பின்கதவு உள்ளேருந்து திறக்காது. வித்தவன் சொல்லித்தான் வித்தான், நல்ல மனுஷன். ஹீட்டரை மாத்திக்கலாம் மாமா, வெள்ளைக்கு இன்ஜின் நல்லாருக்குங்கிறான் இவன். என் பொண்டாட்டி டுல்மாவும் கூடப்பொறந்தவனுக்கே ஜால்ரா.

நான் விடல. கதவு திறக்கலைன்னா நான் இறங்கித் திறந்துவிட்டுட்டுப் போறேன், ஹீட்டர் இல்லன்னா வெறைச்சுல்ல சாகணும்? தெரியாத தேவதைக்குத் தெரிஞ்ச பிசாசே மேல்னு நீலத்தையே வாங்கிட்டேன். தினம் இன்ஜினுக்குக் கம்பளி போர்த்துறேனா... எனக்கு ஒருநாளாவது இப்பிடிப் போர்த்தியிருக்கியான்னு அப்பல்லாம் டுல்மா கேப்பா. சரி, அத விடுங்க.

வெள்ளை மாசம் பொறந்துச்சு. புதுவருஷத்துக்கு மாமனார் வீட்டுக்குப் போறோம். முன்சீட்டுல குதிரைப்பால் கேன், பின்னாடி பட்டு அங்கியில டுல்மா. ஹீட்டரை அணைக்காம நான் இறங்குறேன், வாசல்லயே மாமனார் மூக்குப்பொடிக் குப்பியை நீட்டிட்டார். பெரியவர் நீட்டினா வாங்கி மோந்து நலம் விசாரிச்சுத்தானே ஆகணும்? விசாரிச்சேன். பதிலுக்கு, வண்டி எப்பிடின்னு கேட்டுட்டார் மனுஷன். அவ்வளவுதான்... ரெண்டு கோளாறையும் எடை போட்டு நான் வாங்கின கதையை ஆதியோட அந்தமா சொன்னேன். உள்ள போய் உக்காந்து கறிக் கொழுக்கட்டை ரெண்டு தட்டு காலி. நடுவுல வெளிய ஒரே ஹாரன் சத்தம். எந்த அறிவுகெட்டவன்டான்னு நானே திட்டினேன். டுல்மா வரலியான்னு மாமியார் கேட்டப்பதான் தம்பி, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

ஓடிப்போய்த் திறந்தேன். பார்த்தா பாருங்க ஒரு பார்வை! நானாவது வாயை மூடிட்டு இருந்திருக்கலாம். "பாத்தியா, வெள்ளையை வாங்கியிருந்தா இந்நேரம் வெறைச்சிருப்பே"ன்னுட்டேன். அன்னிலேருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசுறதில்ல. டீயை டொக்குனு வெப்பா, போயிருவா. கஷ்டமா இருக்கு தம்பி.

என்ன, கைப்பிடியைப் போட்டு இழுக்குறீங்க? ஆபீஸ் தாண்டிருச்சா? அப்பவேவா? வாயத் திறந்து சொல்லலாம்ல... சொன்னீங்களா? சரி சரி, ஓரங்கட்டுறேன், இருங்க.

ரிப்பேரா? அரை மணி நேர வேலைதான்னு மெக்கானிக்கும் சொல்றான். நான்தான் வேணாம்னுட்டேன். வீட்டுல நம்மகிட்ட பேச்சே கிடையாது. இந்தக் கதவையும் சரி பண்ணிட்டா, நான் பேசி முடிக்கிற வரைக்கும் எவன் தம்பி உக்காந்திருப்பான்?