பூஜ்யம் போட மறந்த இடம்

— சிரிக்காதடா. குழந்தை இப்ப எந்த மிஷின்ல இருக்கா, அதை மட்டும் சொல்லு.

— வார்மர்லதான்க்கா இருக்கா உன் மருமக, பிறந்த குழந்தைக்குச் சூடு குடுக்குற மிஷின்ல. உங்க ஆபீஸ்ல செஞ்சதுதான். "இது உங்க அத்தை புரோகிராம் எழுதின மிஷின்டி"ன்னு சொன்னேன். ஒரு கண்ணை மட்டும் தொறந்து பார்த்துட்டு மூடிக்கிட்டா.

— அந்த மிஷின் கத்துச்சா? காலையில இருந்து ஒரு தடவையாவது?

— இல்லையே. கத்தலைன்னா நல்லதுதானே? கேஸ் அடுப்பை மூடினோமான்னு பாதி வழியில வண்டியைத் திருப்புற ஆளு நீ. இன்னிக்கு என்னத்தை மூடல?

— இன்னிக்கு நிஜமாவே மூடலடா. கேளு. அலாரம் அடிச்சா நர்ஸ் கொஞ்ச நேரம் அமுக்கி வைக்கலாம். அமுக்கினா ஒண்ணு, அமுக்கலைன்னா பூஜ்யம். அதைக் குறிச்சுக்கப் புரோகிராம்ல ஒரு இடம் ஒதுக்கினேன். ஆனா ஆரம்பத்துல அதுல பூஜ்யம்னு போடல.

— போடலைன்னா காலியாத்தானே இருக்கும்?

— இருக்காதுடா. அந்த இடத்துல முன்னாடி என்ன குப்பை கெடந்துச்சோ, அதுதான் இருக்கும். மிஷின் அதைப் படிச்சுட்டு, யாரோ அமுக்கிட்டாங்கன்னு வாயை மூடிக்கும். குழந்தை கொதிச்சாலும் கத்தாது, குளிர்ந்தாலும் கத்தாது.

— சோதிச்சுப் பார்க்காமலா அனுப்பினீங்க?

— என் மேசையில எப்பவும் பூஜ்யமாவே வந்துச்சு. அதை நம்பிட்டேன். இப்ப வேற எதையோ தேடும்போது கண்ணுல பட்டுச்சு. ஆபீஸ்ல இன்னும் யார்கிட்டயும் சொல்லல. முதல்ல உனக்குத்தான் போட்டேன்.

— அவ பக்கத்துலதான் நிக்கறேன்க்கா. இப்ப நான் என்ன பண்ணணும்?

— சிஸ்டரைக் கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடு.

— சிஸ்டர், ஒரு நிமிஷம் இங்க வாங்களேன். ஃபோன்ல எங்க அக்கா. இந்த மிஷினுக்குப் புரோகிராம் எழுதினவங்க.

— சொல்லுங்க மேடம். பாப்பா நல்லா இருக்கா. இப்பதான் பார்த்துட்டுப் போனேன்.

— அவ வயித்துல ஒட்டியிருக்கிற சென்சாரை எடுங்க சிஸ்டர். எடுத்தா மிஷின் கத்தியாகணும்.

— எடுத்துட்டேன் மேடம்.

— அக்கா... சத்தமே இல்லக்கா.

— குழந்தையைத் தூக்குடா. தூக்கி அவ அம்மா நெஞ்சு மேல போடு. யோசிக்காத, தூக்கு.

— தூக்கிட்டேன். உடம்பு கதகதன்னுதான் இருக்கு. அழுறாக்கா. நல்லா அழுறா.

— அழட்டும். அழட்டும்டா என் தங்கம். சிஸ்டர், அந்த மிஷினை ஓரமா தள்ளி வையுங்க. வேற எந்தக் குழந்தையையும் அதுல போட்டுராதீங்க.

— தள்ளிடறேன் மேடம். ஆனா இவ்வளவு அமைதியான மிஷினுக்கா இந்தக் கதின்னு இருக்கு. வேற சில மிஷின் தொட்டாலே கத்தும், பாவம், பிள்ளைங்க பதறிப் பதறி முழிக்கும். அதான் ரொம்ப முடியாத குழந்தைங்களா இருந்தா, கத்தாத மிஷினாப் பொறுக்கி எடுத்துத்தான் நாங்க போடுவோம். உள் ரூம்ல இப்ப அந்தக் குழந்தைங்க இருக்கறது பூரா கத்தாத மிஷின்லதான் மேடம்.