நூற்றுத் தொண்ணூறு தடவை

நெலிடா: சிரிக்காதீங்க அன்செல்மோ. பதினாலு பேர், ஒரு முழுக் குளிர்காலம்... நான் செஞ்ச எரிக்கிற கக்கூஸ் நூத்தித் தொண்ணூறு தடவைதான் எரிஞ்சிருக்கு.

அன்செல்மோ: எல்லாம் நம்ம ருஃபினோவோட சமையல், இஞ்சினியரம்மா. உள்ள போனது வெளிய வரணும்னு சட்டமா என்ன?

நெலிடா: நீங்க குடிக்கிற மாத்தே டீக்கு ஒருத்தரே நூறு தடவை போகணும்.

அன்செல்மோ: அப்போ அந்த எண்ற மெஷின் கெட்டிருக்கும். நான் மெக்கானிக், சொல்றேன்ல?

நெலிடா: காலைல சோதிச்சேன். நல்லா எண்ணுது. பீங்கான், நேத்துதான் கடையில வாங்கின மாதிரி பளபளன்னு இருக்கு. தாழ்ப்பாள் மட்டும் தேஞ்சு தொங்குது!

அன்செல்மோ: ...உப்புக் காத்து.

நெலிடா: உள்பக்கத் தாழ்ப்பாள்லயா? உண்மையைச் சொல்லுங்க. எல்லாரும் எங்க போறீங்க?

அன்செல்மோ: பின்னாடி... பழைய தகரக் கொட்டாய். பீப்பாய்ல.

நெலிடா: அண்டார்டிகா புயல்லயா?

அன்செல்மோ: கயித்தைப் புடிச்சுக்கிட்டுதான் போவோம். ஒரு வசதி, அங்க எவனும் பேப்பர் படிச்சுக்கிட்டு உக்கார மாட்டான்.

நெலிடா: சாம்பலை மட்டும் கப்பல்ல அனுப்பினாப் போதும்னு ஆறு வருஷம் மண்டைய உடைச்சுச் செஞ்சேன். நீங்க பீப்பாய் பீப்பாயா... சரி. யாரும் தொடாத கக்கூஸ் எதுக்கு? சாயங்காலம் கழட்டிக் கப்பல்ல ஏத்திடறேன்.

அன்செல்மோ: ஐயோ, கழட்டாதீங்க!

நெலிடா: ஏன் இப்படிப் பதறுறீங்க? போறதுதான் கிடையாதே!

அன்செல்மோ: உள்ள போவோம்... அதுக்கு இல்ல.

நெலிடா: பின்ன எதுக்கு?

அன்செல்மோ: படுக்கைக்குத் திரைதான். சமையக்கட்டுக்குக் கதவே இல்ல. இந்த நிலையத்துலயே உள்ள தாழ்ப்பாள் போட்ட கதவு, நீங்க போட்ட ஒண்ணுதான்.

நெலிடா: அதனால?

அன்செல்மோ: எரிக்கிற பட்டனை அழுத்தாம விசிறியை மட்டும் போட்டா... அந்த இரைச்சல்ல உள்ள அழறது வெளிய கேக்காது.

நெலிடா: அழறதுக்கா?

அன்செல்மோ: ஜூன்ல ருஃபினோவுக்குப் பொண்ணு பொறந்துச்சுன்னு சேதி வந்தது. ரெண்டு மணி நேரம் அவன் வெளிய வரல. நாங்க பதிமூணு பேரும் கயித்தைப் புடிச்சுக்கிட்டுக் கொட்டாய்க்கே போனோம். உள்ள ஆள் இருந்தா தட்டக்கூடாது, ஏன்னு கேக்கக்கூடாது. இங்க அதுதான் வழக்கம்.

நெலிடா: முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?

அன்செல்மோ: எழுதிக் குடுக்கற விஷயமா இது? புவனஸ் ஐரிஸ் ஆபீஸ்ல சிரிப்பாங்க.

நெலிடா: அந்தப் பேனாவைக் குடுங்க. "கக்கூஸ்ல குறை இல்ல. நிலையத்துலதான் ஒரு அறை குறையுது. தாழ்ப்பாள், விசிறியோட உடனே கட்டணும்."

அன்செல்மோ: உள்ள என்ன வைக்கணும்னு கேப்பாங்களே?

நெலிடா: ஒரு நாற்காலி.

அன்செல்மோ: அடேங்கப்பா! ஆமா... காலைல நீங்களே முக்கால் மணி நேரம் உள்ள இருந்தீங்களே. அளக்க அவ்வளவு நேரமா ஆகும்?

நெலிடா: அளக்க அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு. அதுக்கப்புறம்தான் அந்த எண்ணிக்கையைப் பார்த்தேன். விசிறியைப் போட்டுக்கிட்டேன்.