இடது பக்கத்து மீட்டர்

இடது பக்கத்து மீட்டர் நல்ல சாமான்தான், மேடம். என் வாக்குமூலத்தை எழுதும்போது அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வருஷமாக இந்தத் துயித்தாமா ஊரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன், அந்த மீட்டரை விற்றுவிட்டு ஒருவரிடமும் ஏச்சு வாங்கியதில்லை. மழையில் நனைந்தாலும் கெடாது. சின்ன பட்டன் பேட்டரி ஒன்று போட்டால் மாதக்கணக்கில் ஓடும்.

காபிக்கு நன்றி. சர்க்கரை வேண்டாம்.

சைக்கிள் விஷயம் தெரியாது என்றீர்கள், அதனால் நிதானமாகவே சொல்கிறேன். ஏப்ரலில் இங்கே மழை விடாது. மலைப்பாதையில் போனால் எந்த லாரி எங்கே வழுக்கிக்கொண்டு வரும் என்று சொல்ல முடியாது. அதனால் பந்தயக்காரர்கள் என் கடையின் பின்னறைக்கு வருவார்கள். அங்கே ஆறு டிரெய்னர் ஸ்டாண்டு வைத்திருக்கிறேன். பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை மாட்டினால் நின்ற இடத்திலேயே மலை ஏறலாம். எவ்வளவு பலமாக மிதிக்கிறார்கள் என்பதை பவர் மீட்டர் வாட் கணக்கில் காட்டும். அதை உடம்பு எடையால் வகுத்தால் ஒருவனுடைய தகுதி தெரிந்துவிடும்.

கையில் காசு குறைவாக இருப்பவனுக்கு இரண்டு வழி. இரண்டு காலையும் தனித்தனியாக அளக்கும் பெடலை யாராவது பழசாக விற்றால் வாங்கலாம். அதைவிட மலிவு, இடது பெடல் தண்டில் ஒட்டிவரும் மீட்டர். அது இடது காலை மட்டும் அளந்து, இரண்டால் பெருக்கிக் காட்டும். இரண்டு காலும் சமமாக உள்ளவனுக்கு அதில் ஒரு குறையும் வராது.

என் பின்னறைக்கு வந்த பையன் எலிசெயோவுக்குச் சமமில்லை. பன்னிரண்டு வயதில் உருளைக்கிழங்கு லாரியிலிருந்து விழுந்து இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அவனுக்கு சீட் உயரம் பார்த்து வைத்தவன் நான், ஷூவுக்கு அடியில் தகடு கொடுத்தவனும் நான். இடது கெண்டைக்கால் இரண்டு விரற்கடை மெலிவு. நொண்டி என்று பேர் வைத்துவிடுவார்களோ என்று அவன் வெளியே மூச்சு விட்டதில்லை. அவன் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

பிப்ரவரியில் மெதெயின் நகரத்துப் பந்தய அணிக்காரர்கள் சொல்லி அனுப்பினார்கள்: இந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒருவனை எடுப்போம், இருபது நிமிஷம் ஸ்டாண்டில் மிதித்து எண்ணை அனுப்புங்கள். என் மகன் ஃபாவியோவும் போட்டியில் இருந்தான். கிலோவுக்கு ஐந்தும் கொஞ்சமும் அவன் அளவு. உழைப்பாளி. அவன் அம்மா போன பிறகு அவனைத் தவிர எனக்கு யார் இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

அந்த வாரம் எலிசெயோ கடைக்கு வந்தான். பத்தொன்பது வயது, வாயெல்லாம் பல். என்னை மரியாதையாக தோன் அனிபால் என்றுதான் கூப்பிடுவான்.

"தோன் அனிபால், சோகமோசோ ஊர்ல ஒருத்தர் பழைய பெடல் விக்கிறாராம். ரெண்டு காலையும் அளக்குமாம். வாங்கிரட்டா?"

"அதெல்லாம் ஞாயித்துக்கிழமை சைக்கிள் ஓட்டுற டாக்டருங்களுக்குடா. ஒரு தடவ கீழ விழுந்தா பெடல் போச்சு. உனக்கு இந்த இடது பக்கத்து மீட்டரே தாராளம்."

"நீங்க சொன்னா சரிதான்."

நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அது இரண்டால் பெருக்குகிறது என்பதை அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. டப்பாவில் எழுதியிருக்கிறது, இங்கிலீஷில்.

என் ஸ்டாண்டுகளும் இரண்டு காலின் பலத்தையும் சேர்த்துத் தாமாகவே அளக்கும், மேடம். அந்த எண் என் போனுக்கு வரும். ஆனால் அதை யாரும் சட்டை செய்வதில்லை. முன்பு பக்கத்து ஊர்க் கடைக்காரன் ஒருவன் தன் மருமகனுக்கு எண்ணைக் கூட்டிக் காட்டி மாட்டிக்கொண்டான். அன்றிலிருந்து இங்குள்ள சங்கங்களில் ஒரே பேச்சு: கடை மெஷின் சொல்வது செல்லாது, அவனவன் சைக்கிளில் உள்ள மீட்டர் சொல்வதே செல்லும். நியாயமான ஏற்பாடு. என்னைப் போன்றவர்களை நம்பாமல் இருக்கப் போட்டது.

முதல் நாள் எலிசெயோவின் ஹேண்டில்பார் திரையில் இருநூற்றுத் தொண்ணூறு வாட். என் போனில் முந்நூற்று முப்பது. கிலோவுக்கு ஐந்தரை. ஃபாவியோ ஒரு வருஷம் உயிரை விட்டாலும் அது வராது. எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன்.

எலிசெயோ முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான், "என்னங்க, நான் இவ்ளோதானா?"

"இவ்ளோதான்னு யார் சொன்னது? மேல இருக்கிற எண்ணு ஏறலன்னா கீழ இருக்கிற எடைய எறக்கு. கணக்கு ஒண்ணுதான்."

இதையும் எந்தப் பயிற்சியாளரும் சொல்வார். அவன்தான் அளவு மீறினான். முதலில் அரேப்பா ரொட்டியை விட்டான், அப்புறம் சூப்பை விட்டான், கடைசியில் காலையில் குடிக்கும் வெல்லத் தண்ணீரையும் விட்டான். அறுபது கிலோ ஐம்பத்து நாலு ஆனது. உடம்பு இறங்க இறங்க பலமும் இறங்கியது, இன்னும் வயிற்றைக் கட்டினான். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மிதித்தால் வியர்வையில் அரைக் கிலோ போகும் என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கேட்டான், சொன்னேன்.

அவன் அம்மா தோன்யா ரொசால்பா ஒருநாள் கடைக்கு வந்தார். நனைந்த சால்வையோடு வாசலிலேயே நின்றார்.

"ராத்திரி கெண்டைக்கால் இழுத்துக்கிட்டு அழுவுறான். தட்டத் தொட மாட்டேங்குறான். நான் சொன்னா எரிஞ்சு விழறான். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க, உங்க பேச்சத்தான் கேப்பான்."

"பந்தயக்காரன் உடம்பு அப்படித்தாங்க இருக்கும். நான் பாத்துக்கறேன், நீங்க தைரியமா போங்க."

மறுநாள் வீட்டில் உறைய வைத்த பாலாடைக்கட்டி ஒன்றை இலையில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். உப்பு அளவாக இருந்தது. நானும் ஃபாவியோவும் சாப்பிட்டோம்.

டெஸ்டுக்குக் குறித்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எலிசெயோவின் முறை. ஃபாவியோ முந்தின நாளே முடித்திருந்தான். அவனுக்கு வைத்த மின்விசிறியைக் கழற்றிக் கழுவப் போட்டிருந்தேன். சாரல் அடிக்கிறது, மெஷின் துருப்பிடிக்கும் என்று ஜன்னலைச் சாத்தினேன். எலிசெயோ திரையில் இருநூற்று எண்பது வந்தால் ஃபாவியோவைத் தாண்டிவிடுவான். அது அவனுக்கும் தெரியும்.

பத்தாவது நிமிஷம் வரை ஒழுங்காக மிதித்தான். பதினான்கில் உதடு வெளுத்தது. வியர்வை நின்றுவிட்டது. அந்த அறையில் நின்றுகொண்டிருந்த எனக்கே சட்டை ஒட்டியது, அவன் நெற்றி காய்ந்து கிடந்தது.

ஃபாவியோ என் தோளைப் பிடித்தான். "அப்பா, நிறுத்தச் சொல்லுங்க. அவன் மூஞ்சியப் பாருங்க."

"அவனோட இருபது நிமிஷம்டா. அடுத்தவன் டெஸ்ட்ல வாய வைக்காத."

"எலிசெயோ, விடுடா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்றான் ஃபாவியோ. எலிசெயோ கேட்கவில்லை. என்னைத்தான் பார்த்தான். கண்ணில் காய்ந்த வியர்வையின் உப்பு, திரை தெரியவில்லை போலிருக்கிறது.

"தோன் அனிபால், எவ்ளோ?"

திரையில் இருநூற்று எழுபத்து நான்கு. என் கையில் இருந்த போனில் முந்நூற்றுப் பன்னிரண்டு. அந்தக் காலி வயிற்றோடு, அந்த மெலிந்த காலோடு, கிலோவுக்கு ஐந்தே முக்கால். அந்த அறையில் யாரும் மிதிக்காத எண். ஜெயிச்சுட்டடா, எறங்கு என்று சொன்னால் இறங்கியிருப்பான். என் சொல்லுக்கு அவ்வளவு கட்டுப்பட்டவன்.

"இன்னும் கொஞ்சம்," என்றேன்.

எழுந்து நின்று மிதித்தான். பதினேழாவது நிமிஷத்தில் கை நழுவியது, சைக்கிளோடு சேர்ந்து சாய்ந்தான். ஆஸ்பத்திரி பக்கம்தான், ஃபாவியோ தூக்கிக்கொண்டே ஓடினான். உடம்பில் உப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை, இதயம் அதன் பாட்டுக்குத் தாளம் தப்பிவிட்டது என்றார் டாக்டர். பதினொன்றரைக்கு முடிந்துவிட்டது.

ஆமாம், மேடம். தெரிந்துதான் மீட்டரைத் தேர்ந்துகொடுத்தேன், தெரிந்துதான் பட்டினி கிடக்கச் சொன்னேன், தெரிந்துதான் இன்னும் கொஞ்சம் என்றேன். அவன் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. இரண்டாவதாக வர வேண்டும் என்றுதான் நினைத்தேன். அது பெரிய ஆசையா?

என் போனை எடுத்து உங்களிடம் கொடுத்தது ஃபாவியோ என்று தெரியும். ஒன்பது நாளாக என்னோடு பேசுவதில்லை, தோன்யா ரொசால்பா வீட்டில்தான் இருக்கிறானாம், அவருக்கு மாடு கறந்து கொடுக்கிறானாம். அதிர்ச்சி, சின்னப் பையன், சரியாகிவிடும். அவனைப் பார்த்தால் எனக்காக ஒன்று சொல்லுங்கள். அவனை எடுத்துக்கொண்டதாக மெதெயினிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, கடை மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பஸ். கூச்சப்படாமல் போகச் சொல்லுங்கள். அந்த இடம் அவன் தன் இரண்டு காலால் மிதித்துச் சம்பாதித்தது, மேடம். அதில் என் கை கொஞ்சமும் படவில்லை.