வாத்தியாரும் வாயாடியும்

“கதை வேண்டாம்ளா. ரெண்டுல எது நல்லது, அதை மட்டும் சொல்லு.”

“எதுக்கு நல்லதுன்னு தெரியாம எப்படிச் சொல்ல?”

“என் தம்பி படிக்கதுக்குத்தான். புத்தகத்தைத் திறந்தா தூங்கிருதான். காதுல மாட்டிவிட்டா கேட்பான்லா.”

இந்துமதியும் நானும் தூத்துக்குடிப் பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறோம். பாடக் குறிப்புகளைக் கொடுத்தால், இரண்டு பேர் உட்கார்ந்து பேசிக்கொள்வதுபோல ஒலிப்பதிவாக மாற்றித் தரும் ஏஐ செயலிகளைப் பற்றித்தான் அவள் கேட்டாள். கடையில் அவற்றை அதிகம் பயன்படுத்தியவள் நான். முதலாவதை எடுத்துக்கொள் என்றேன். அவள் தம்பியின் பாடங்களை ஏற்றப் போய்விட்டாள். அதுதான் நல்லது என்று எனக்கு எப்படித் தெரியும் என அவள் கேட்கவில்லை. அதை இங்கே சொல்கிறேன்.

என் பெயர் ஜெமி. சொந்த ஊர் சாயர்புரம். எம்.ஏ. ஆங்கிலம் படித்துவிட்டு ஆதார் அட்டைகளின் இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் நகலெடுத்துக் கொடுக்கிறேன். மேசைக்கு அடியில் எப்போதும் ஒரு மொழிபெயர்ப்பு நாவல் இருக்கும். பனி மூடிய ஊர்கள், நெடுந்தூர ரயில்கள், வருடக்கணக்கில் கரை திரும்பாத மாலுமிகள். கடை வாசலில் நின்றால் துறைமுகத்துக் கிரேன்களின் தலை தெரியும். ஆனால் கப்பலைப் பற்றிச் சொல்ல ஏதாவது வைத்திருக்கிற ஒருவரும் எங்கள் கடைக்கு வந்ததில்லை. சிலுவை வரும்வரை.

அவர் தருவைகுளத்துக்காரர். விசைப்படகில் வலைத்தொழிலுக்குப் போகிறவர். குரூப் ஃபோர் தேர்வு எழுத வேண்டும் என்று பழைய வினாத்தாள்களை நகலெடுக்க வந்தார். அடுத்த முறை வந்தபோது அதே வினாத்தாள்களை மறுபடியும் கேட்டார். முதலில் எடுத்தவை கடல் தண்ணீரில் ஊறிக் கூழாகிவிட்டனவாம். படகு ஆடுகிற ஆட்டத்தில் எழுத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, கை எப்போதும் வலையில் இருக்கிறது, காது மட்டும்தான் சும்மா இருக்கிறது என்றார். காதுக்கு ஒரு வழி இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். அன்றிலிருந்து என்னை டீச்சர் என்று கூப்பிட்டார்.

இரண்டு செயலிகளை முயன்று பார்த்தேன். இரண்டும் என் பொறுமையைச் சோதித்தன. முதலாவதற்கு வாத்தியார் என்று பெயர் வைத்தேன். நாம் கொடுக்கிற குறிப்பில் உள்ளதைத் தவிர ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசாது. அதில் வருகிற ஆணும் பெண்ணும் மாநிலச் செய்தி வாசிப்பதுபோலவே இருப்பார்கள். ‘ஆம், அது முக்கியமான கருத்து’ என்று ஒருவர் சொன்னால், ‘உண்மையிலேயே முக்கியமான கருத்து’ என்பார் மற்றவர். அரை மணி நேரப் பாடத்தில் இந்த முக்கியமான கருத்தை எத்தனை முறை கேட்டேன் என்று சொல்ல முடியாது. இரண்டாவது வாயாடி. சிரிப்பாள், உச்சுக்கொட்டுவாள், பாடத்துக்கு நடுவே ஒரு குட்டிக்கதை சொல்வாள். ஆனால் குறிப்பில் இல்லாததையும் தானாகச் சேர்ப்பாள். தீண்டாமை ஒழிப்பு அரசியலமைப்பின் பதினேழாவது பிரிவு என்று நான் கொடுத்திருந்தால், அதைப் பத்தொன்பது என்று குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொல்வாள். திருத்தி மறுபடி போட்டால் அது சரியாகிவிடும், வேறொன்று தவறாகும். இணையம் நடுவில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வெளியே ஆட்கள் ரேஷன் அட்டையோடு நின்றுகொண்டிருப்பார்கள்.

தொடக்கத்தில் நான் ஒவ்வொன்றையும் முழுக்கக் கேட்டுத் திருத்தித்தான் கொடுத்தேன். இதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

சிலுவைக்கு வாயாடியைத்தான் பிடித்தது. படகில் எல்லோரும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டாராம். டிரைவர் மிக்கேல் அண்ணன் கேட்டாராம்:

“ஏலே, அந்தச் சிரிக்கிற பிள்ளைக்கு எந்த ஊரு? மாப்பிள்ளை பார்த்தாச்சால?”

மெஷினாம் என்று சொன்னதும் ரொம்ப வருத்தப்பட்டாராம். இதையெல்லாம் சிலுவை எனக்குக் குரல் செய்திகளாக அனுப்புவார். ஆழ்கடலில் சிக்னல் கிடையாது. கரை நெருங்கி, கைபேசிக் கோபுரத்தின் சிக்னல் கிடைக்கத் தொடங்கியதும், போன நாட்களில் பேசிச் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே நேரத்தில் என் கைபேசியில் வந்து விழும்.

அந்தச் செய்திகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வலை ஏறும்போது தண்ணீர் பச்சையாக எரிந்ததைச் சொல்லியிருப்பார். படகைவிடப் பெரிய சுறா ஒன்று மாடு உரசுவதுபோல உரசிவிட்டுப் போனதைச் சொல்லியிருப்பார். கச்சான் என்கிற மேற்குக் காற்று எழும்பும் முன் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல ஆகிவிடும் என்று ஒருமுறை சொன்னார். பின்னால் என்ஜின் சத்தம், யாரோ கத்துவது, காற்று. நான் படித்த எந்த நாவலிலும் அப்படி ஒரு குரல் இல்லை. அவர் மீது எனக்குக் காதல் இல்லை. கல்யாணம் போன்ற எண்ணமும் இல்லை. அந்தக் குரல் கடலிலிருந்து வந்துகொண்டிருந்தால் எனக்குப் போதும்.

படிப்பு சூடு பிடித்ததும் செய்திகள் மாறின. ஐந்தாண்டுத் திட்டம் எப்போது தொடங்கியது, எந்தக் குழு எதற்கு அமைக்கப்பட்டது, கட்-ஆஃப் எவ்வளவு வரும், இவைதான். பச்சைத் தண்ணீர் இல்லை, சுறா இல்லை. வேலை கிடைத்தால் எங்கே போடுவார்கள் என்று ஒருமுறை கேட்டார். சொந்த மாவட்டமே கிடைக்கலாம் என்றேன்.

“தர்மபுரி, கிருஷ்ணகிரின்னு தூரமா போட்டாலும் சந்தோசந்தான் டீச்சர். அங்கன கடலே கிடையாதாமே.”

எனக்கு அது எவ்வளவு ஏமாற்றமாக இருந்தது என்று விளக்குவது கடினம். கிருஷ்ணகிரியில் ஒரு தாலுகா அலுவலகத்தில், மின்விசிறிக்கு அடியில், ரப்பர் முத்திரையோடு இந்த மனிதர். யாராவது தடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். நினைத்ததில் தவறில்லை.

இன்னொரு செய்தியும் வந்தது. யாருக்கும் கேட்காமல் வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசியிருந்தார். சின்ன வயதிலிருந்தே தனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். காற்றுக் காலத்தில் குடலே வெளியே வருவதுபோல வாந்தி, பின்புறம் போய் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டு வந்து நிற்கிறேன், வலை இழுக்கிற வின்ச் பக்கம் நிற்கும்போது கண் இருட்டுகிறது, தருவைகுளத்தில் பிறந்துவிட்டு இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள், உங்களிடம் மட்டும் சொல்கிறேன் என்றார். அவருடைய செய்திகளில் அந்த ஒன்றை மட்டும் நான் சேமிக்கவில்லை. அது அவர் குரல் மாதிரியே இல்லை.

அதற்குப் பிறகு வாயாடியின் தவறுகளைத் திருத்துவதை நிறுத்தினேன். எதையும் செய்யவில்லை, ஒன்றைச் செய்யாமல் விட்டேன், அவ்வளவுதான். ஆனால் அவளை நம்பி ஒரு காரியத்தில் இறங்க முடியாது என்று சீக்கிரமே தெரிந்தது. ஒரு பாடத்தில் பத்தொன்பது என்பாள், அடுத்ததில் யாரும் கேட்காமலே பதினேழு என்று சரியாகச் சொல்லிவிடுவாள். தவறு செய்வதில்கூட ஓர் ஒழுங்கு வேண்டாமா. எரிச்சலாக வந்தது.

வாத்தியாரின் அருமை அப்போதுதான் புரிந்தது. கொடுத்ததை மாற்றாது. எத்தனை முறை கேட்டாலும், எந்தப் பாடத்தில் கேட்டாலும், நான் எழுதிக் கொடுத்ததையே முக்கியமான கருத்து என்று இரண்டு பேரும் உறுதி செய்வார்கள். ஆகவே குறிப்புகளை மாற்றினேன். பெரிய விஷயங்களில் கை வைக்கவில்லை, அவை எவருக்கும் தெரிந்துவிடும். சட்டப்பிரிவு எண்கள், ஆண்டுகள், பக்கத்துப் பக்கத்து நதிகள், இப்படி அருகருகே இருக்கிற இரண்டை இடம் மாற்றினேன். தேர்வில் கொடுக்கும் நான்கு விடைகளில் நான் வைத்ததும் ஒன்றாக இருக்கும். பழைய வினாத்தாள்களையெல்லாம் நகலெடுத்தவள் நான்தானே. வாயாடிக்கு இலவசம் முடிந்துவிட்டது, இனி வாத்தியார்தான் என்று சிலுவையிடம் சொன்னேன். மிக்கேல் அண்ணனுக்கு மறுபடியும் வருத்தம்.

இருந்தாலும் இது பலிக்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஒருமுறை காதில் கேட்டது மறந்துபோகும். நான் எதிர்பார்க்காத ஒன்றை அவர்களே செய்தார்கள். அவர்கள் படகில் பொழுது சாய்ந்ததும் ஜெபமாலை சொல்வார்கள். ஒருவர் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து பின்பாதியைச் சொல்வார்கள். பாடத்தையும் அப்படியே ஆக்கிவிட்டார் சிலுவை. ஜெபம் முடிந்த கையோடு அதே ராகத்தில் அவர் கேள்வியைச் சொல்ல, படகே சேர்ந்து பதில் சொல்லும். தீண்டாமை ஒழிப்பு என்று அவர் இழுக்க, பத்தொன்பதாம் பிரிவு என்று வலைக்காரர்கள் எல்லோரும் முடிப்பார்கள். அதை எனக்கு அனுப்பினார். பின்னால் காற்று, என்ஜின், நடுவில் அந்தக் குரல்கள். மிக அழகாக இருந்தது. பலமுறை கேட்டேன்.

தேர்வு எழுதிவிட்டு நேராகக் கடைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“சில கேள்வில தடுமாறுனேன் டீச்சர். புத்தகத்துல எப்பவோ வேற மாதிரி படிச்ச ஞாபகம். ஆனா போட்டுல எல்லாரும் சேந்து சொன்ன சத்தம் காதுல கேட்டுச்சு. அதையே போட்டுட்டேன்.”

நல்லது என்றேன்.

விடைக்குறிப்பு வெளியானபோது பார்த்துவிட்டு வந்தார். படகில் சொல்லிச் சொல்லி மனப்பாடமானவற்றில்தான் தவறியிருந்தார். அது எப்படி என்று கேட்டார். நான் பதில் தேட வேண்டியிருக்கவில்லை. உலகம் முழுவதும் அந்தப் பதிலைத் தயாராக வைத்திருக்கிறது. ஏஐ அப்படித்தான், இல்லாததை இருக்கிறது என்று சொல்லும் என்றேன். இந்துமதியும், அது எப்பவுமே பொய்தான் சொல்லும் என்று ஒத்து ஊதினாள். கடை அண்ணாச்சிகூடத் தலையாட்டினார். சிலுவை, மெஷினுக்குத் தமிழ் தகராறு போல என்றார். என்னைப் பற்றி யாருக்கும் ஒரு எண்ணமும் வரவில்லை. கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. அவ்வளவு கவனமாகச் செய்த வேலை அது.

கட்-ஆஃபுக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டார். படகுக்குத் திரும்பினார். அது கச்சான் காற்றுக் காலம். அதன்பின் குரல் செய்திகள் அதிகம் வரவில்லை, வந்தவற்றில் விவரணை எதுவும் இல்லை. இன்றைக்குக் காற்று அதிகம், அவ்வளவுதான். அவ்வளவு பாடுபட்டு அவரைக் கடலிலேயே இருத்தியும் அவர் கடலைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது.

வின்ச்சில் வலை ஏறிக்கொண்டிருந்தபோது கண் இருட்டிச் சாய்ந்திருக்கிறார். வலது கை உள்ளே போய்விட்டது. கரைக்குக் கொண்டுவரவே நேரமாகிவிட்டதால் மணிக்கட்டோடு எடுக்க வேண்டியதாயிற்று.

நேற்று மருத்துவமனைக்குப் போயிருந்தேன். அவருடைய அக்கா அந்தோணியம்மாள் கட்டிலருகே ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “இந்தப் பிள்ளைதாம்ல உனக்குப் பாடம் போட்டுக் குடுத்தது?” என்று எழுந்து நாற்காலியைத் தந்தார். சிலுவை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தாடி வளர்ந்திருந்தது. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்றோ நான் படித்த ஏதோ ஒரு கடல் நாவலிலிருந்து எழுந்து வந்தவரைப்போல இருந்தார். கடலோடி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று அக்காவிடம் சொல்லத் தோன்றியது.

இனி அவர் கடலுக்குப் போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாக அக்கா அழுதார். நானும் அழுதேன். அவருக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயத்தைக் காப்பாற்றிக் கொடுக்க நான் ஒருத்திதான் முயன்றேன். அது வீணாகிவிட்டது.

சிலுவை இடது கையால் கைபேசியை என் பக்கம் நகர்த்தினார். அடுத்த தேர்வுக்கு அறிவிப்பு வந்திருக்கிறது, மாற்றுத்திறனாளி இட ஒதுக்கீட்டில் தனக்கு இந்த முறை வாய்ப்பு அதிகமாம்.

“கை போனா என்ன டீச்சர், காது இருக்குல்லா. ஆனா இந்தத் தடவை மெஷினை நம்ப வேண்டாம், அது ஏமாத்திட்டுது. உங்களைத்தான் நம்புதேன். ஒவ்வொண்ணையும் நீங்களே ஒரு தடவை முழுசா கேட்டுட்டு, சரியா இருக்கான்னு பார்த்துட்டு அனுப்புங்க. செய்வீங்களா?”