மலைக்குப் பின்னால் நின்ற ரயில்

ராத்திரி ஒன்பதரை. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை தாண்டி, வயலுக்குள் இறங்குகிற மண் ரோடு. பௌர்ணமி முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அதனால் பாதையில் ஆள் இல்லை, டீக்கடை இல்லை... மழை மட்டும் நசநசவென்று தூறிக்கொண்டிருந்தது. பௌர்ணமிக் கூட்டம் போட்டுவிட்டுப் போன எச்சில் தட்டுகள் ஓரமெல்லாம் ஊறிக் கிடந்து நாறின. அந்த நாற்றத்துக்கு நடுவே ஒரு டூவீலர் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

ஓட்டுகிறவன் அர்பாஸ். நம் மஸ்தான் பாய்க்கு அக்கா மகன். டவுனில் எலக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். இது அவனுக்கு நடந்தது. மஸ்தான் பாய் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொல்லச் சொல்லவே அந்த மனுஷன் இரண்டு தடவை எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். அதனால் அந்தப் பொரித் தட்டை இப்போதே தள்ளி வைத்துவிடுங்கள். அப்புறம் என் மேல் பழி போடக் கூடாது.

அவனைக் கூப்பிட்டவன் குமரேசன். பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள். போனில் அழாத குறை.

"பாப்பா வாய்ல எதுவுமே வெக்க மாட்றாடா. டாக்டர் இனிமே குளுக்கோஸ் ஏத்தித்தான் ஆவணும்ன்றாரு. அப்பாவோட ரயில் சரியா ஓடுச்சுனா சாப்டுவாடா. ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போயேன்."

ரயிலுக்கும் சோற்றுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? இருக்கிறது. கேவலமான சம்பந்தம்.

குமரேசனின் அப்பா சகாதேவன், ஐ.டி.ஐ.யில் வாத்தியாராக இருந்து ரிடையர் ஆனவர். பேத்தி இனியாவுக்கு நாலு வயது. அவளுக்காக ஹால் நடுவே பெரிய மேஜை போட்டு, பிளாஸ்டிக் பிளாக்ஸை அடுக்கி அடுக்கி ஒரு ஊரே கட்டி வைத்திருந்தார். நடுவில் காவி நிறத்தில் மலை. மலையைச் சுற்றித் தண்டவாளம். முன்பக்கம் ஒரு ஸ்டேஷன், மலைக்குப் பின்னால் ஒரு ஸ்டேஷன். பின்னாலிருந்து முன்னால் வருவதற்கு மலையைக் குடைந்து ஒரு குகை. மேஜைக்கு அடியில் கன்ட்ரோலர் போர்டு. ரயில் எங்கே வருகிறது என்று போர்டுக்குச் சொல்ல அங்கங்கே சென்சார். புரோகிராம் எல்லாம் அவரே எழுதினது. கெட்டிக்காரர்தான், அதில் குறை சொல்ல முடியாது.

குறை வேறு இடத்தில். பேத்திக்குச் சோறு ஊட்டுவார்... எப்படி? தட்டை மடியில் வைத்துக்கொண்டு மலைக்குப் பின்னால் உட்காருவார். ஒரு கவளத்தை எடுத்துத் தன் வாயில் போட்டு மெல்லுவார். நன்றாக... கூழாகிற வரைக்கும். அதைக் கையில் துப்பி, உருட்டி, ரயிலின் சரக்குப் பெட்டியில் வைத்துப் பட்டனை அழுத்துவார். ரயில் குகைக்குள் புகுந்து இந்தப் பக்கம் வரும். இந்தப் பக்கம் இனியா வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சீ! பல் முளைக்காத பிள்ளைக்கு மென்று கொடுத்தாலாவது ஏதோ பழைய வழக்கம் என்று விட்டுவிடலாம். நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன கேடு? அதுவும் நாள் முழுக்கப் புகையிலை அடக்குகிற வாய்! மருமகள் சினேகா கெஞ்சிப் பார்த்தாள், கத்திப் பார்த்தாள். மாமனார் காதில் போட்டுக்கொண்டால்தானே. கடைசியில் அம்மா ஊட்டினால் பிள்ளைக்குத் தொண்டையில் இறங்காது என்கிற நிலைமைக்குக் கொண்டுவந்து விட்டார்.

அப்படியிருக்கும்போதுதான் மனுஷன் திடீரென்று மார்வலியில் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்தது. குமரேசன் அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து, இட்லியைப் பிட்டு ரயிலில் வைத்து அனுப்பிப் பார்த்தான். ரயில் குகைக்குள் போகும்... நின்றுவிடும். ரொம்ப நேரம் கழித்து வெளியே வரும். இனியா இட்லியைப் பார்ப்பாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிள்ளைக்கு ரயில் நிற்பதுதான் பிடிக்கவில்லை என்று குமரேசன் முடிவு கட்டிவிட்டான். பெற்றவன் வயிறு எரியும்போது எதைத்தான் நம்ப மாட்டான்?

அர்பாஸ் உள்ளே நுழைந்ததுமே மூக்கைச் சுளித்தான். புளித்த வாடை. ஊறவைத்த எதையோ மறந்துபோய் நாலு நாள் மூடி வைத்த மாதிரி. மேஜைக்கு முன்னால் இனியா உட்கார்ந்திருந்தாள். கையும் காலும் குச்சி குச்சியாக, வயிறு மட்டும் உப்பலாக. யார் வந்ததென்றும் பார்க்கவில்லை. கண் குகை வாயிலேயே இருந்தது.

"ஒண்ணும் இல்லம்மா சினேகா, சென்சார் எதுனா பேஜார் பண்ணும். அண்ணன் சரி பண்ணிட்டுத்தான் போவேன்" என்றான் அர்பாஸ்.

ரயிலை ஓட்டிப் பார்த்தான். முன் ஸ்டேஷனில் கிளம்பியது. பின் ஸ்டேஷனில் நின்றது. குமரேசன் பட்டனை அழுத்தினான். குகைக்குள் போனது... நின்றது. ம்ம்ம்ம் என்று மோட்டார் முனகல் மட்டும். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி வெளியே வந்தது.

லேப்டாப்பைப் போர்டில் மாட்டிப் பார்த்தான். குகைக்குள் இருக்கிற சென்சார், ரயில் உள்ளே வருவதற்கு முன்னாலேயே உள்ளே ஏதோ இருக்கிறது என்று சொன்னது. மலையின் உச்சியைப் பிளாக் பிளாக்காகக் கழற்றினான். டார்ச் அடித்தான். சென்சாரின் கண்ணை மறைத்துக்கொண்டு வெள்ளையாக ஒரு பசை. நகத்தால் சுரண்டினால் நூல் நூலாக வந்தது. பசைக்குள் அரைகுறையாக நொறுங்கிய அரிசி.

"எலிடா. அரிசியத் தூக்கினு வந்து உள்ள உக்காந்து கடிச்சிருக்கு. த்தூ!"

ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான். ஓட்டினான். நின்றது. திறந்து பார்த்தால்... மறுபடி பசை. இந்தத் தடவை ஈரமாக.

சரி, சென்சாரையே மாற்றிவிடலாம் என்று புதுசு ஒன்றை எடுத்தான். ரிப்பேர்காரர்களுக்கு ஒரு நாசமாய்ப் போன பழக்கம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். வயர் சீவுகிற கட்டர் பையிலேயே இருக்கும். எடுக்கச் சோம்பல். பல்லால் கடித்து இழுப்பார்கள். அர்பாஸும் அதைத்தான் செய்தான். குகைக்குள்ளிருந்து வயரை இழுத்து, கவனமில்லாமல் வாயில் வைத்துக் கடித்தான்.

வயர் நனைந்திருந்தது. வாய் முழுக்க வழவழவென்று எச்சில்... அவனுடையது இல்லை. புளிப்பு, சுண்ணாம்பு, நாள்பட்ட புகையிலை. கொல்லைப்பக்கம் ஓடினான். சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிட்டது. சோப்புப் போட்டுப் பல்லைத் தேய்த்தான், நாக்கைத் தேய்த்தான். வழவழப்பு போகவில்லை.

வேறு ஆளாக இருந்தால் அப்போதே வண்டியை எடுத்திருப்பான். அந்தக் குச்சிக் கையைப் பார்த்துவிட்டு அர்பாஸால் கிளம்ப முடியவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தான். அந்தச் சென்சாரே வேண்டாம் என்று புரோகிராமில் அதற்கான வரிகளையெல்லாம் எடுத்தான். வயரையும் பிடுங்கிப் போட்டான். இனிமேல் குகைக்குள் நிற்பதற்கு ரயிலுக்கு ஒரு காரணமும் கிடையாது.

ஓட்டினான். நின்றது.

மல்டிமீட்டரை மாட்டிப் பார்த்தான். போர்டு கரன்ட் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. மோட்டாரும் சுற்றத்தான் பார்த்தது. ஆனால் கரன்ட் ஏறிக்கொண்டே போனது. ஓடுகிற வண்டியை யாராவது கையால் அமுக்கிப் பிடித்தால்தான் மீட்டர் அப்படி ஏறும்.

சட்டென்று பிளக்கைப் பிடுங்கினான். முனகல் நின்றது. வீடு முழுக்க அமைதி. மழைகூட விட்டிருந்தது...

குகைக்குள்ளிருந்து கேட்டது. நற... நற... நற...

நிதானமாக. அவசரமே இல்லாமல். நடுவில் ஒரு தடவை எச்சிலை உறிஞ்சுகிற சத்தம்.

மெல்லுகிற சத்தம் நின்றது. ஈரமாக ஏதோ சொத் என்று விழுந்தது. பிளக் அர்பாஸ் கையில் இருக்கிறது, ரயில் மெதுவாக வெளியே வருகிறது.

சரக்குப் பெட்டியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு உருண்டை. வெள்ளை. பளபளவென்று. குகை வாயிலிருந்து பெட்டி வரைக்கும் எச்சில் நூலாக நீண்டு... அறுந்தது.

இனியா நாக்கை நீட்டிக்கொண்டு முன்னால் குனிந்தாள். அர்பாஸ் பாய்ந்து அந்த உருண்டையை அப்படியே கையால் பொத்திவிட்டான். சூடாக இருந்தது. அப்போதுதான் வாயிலிருந்து எடுத்த சூடு. விரல் இடுக்கு வழியே பிதுங்கியது.

"யா அல்லா... இன்னாடா இது!"

சினேகா கிட்டே வந்து அவன் கையைப் பார்த்தாள். கொஞ்சம் எடுத்து விரலால் நசுக்கினாள்.

"இது சோறு இல்லண்ணா" என்றாள். "பச்சரிசி."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமாவத் தூக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் வாய்க்கரிசி போட்டோம்ணா. பாப்பாவையும் போட வெச்சேன். தாத்தா வாய்ல ஊட்டும்மானு நாந்தான் சொன்னேன். போட்டுட்டு, எனக்கு எப்பம்மா தருவாருனு கேட்டா. எல்லாரும் அழுதுனு இருக்காங்க, நான் இன்னா சொல்லுவேன்... ரயில்ல அனுப்புவாருடினு சொல்லிட்டேன்."

சொல்லிக்கொண்டே வந்தவளுக்குத் திடீரென்று ஏதோ உறைத்தது. பிள்ளையை இழுத்து மடியில் போட்டு, தாடையைப் பிடித்து வாயைத் திறந்தாள். விரலை விட்டுத் துழாவினாள். கன்னத்து ஓரத்திலிருந்து வெள்ளைப் பசை வந்தது. வழிக்க வழிக்க வந்துகொண்டே இருந்தது. எல்லாரும் தூங்கின பிறகு பிள்ளை எத்தனை ராத்திரி எழுந்து வந்து இங்கே உட்கார்ந்து தின்றதோ, யாருக்குத் தெரியும். உவ்வே!

"விடும்மா" என்றாள் இனியா, சாதாரணமாக. "தாத்தா வாய்ல இன்னும் நெறைய கீது."

அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. அர்பாஸ் மலையை இரண்டு கையாலும் இடித்துத் தள்ளினான். குமரேசன் தண்டவாளத்தைப் பிய்த்தான். ரயில், போர்டு, வயர் எல்லாவற்றையும் கோணியில் அள்ளிக்கொண்டு போய் வயல் வரப்பில் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். பிளாஸ்டிக் எரிகிற நாற்றம் தொண்டையைப் பிடித்தது. அதற்குள்ளேயும் புகையிலை வாடை.

பிள்ளை அழவேயில்லை. அம்மா இடுப்பில் உட்கார்ந்து நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம் கேட்டது:

"இனிமே எனக்கு யாரும்மா மென்னு தருவாங்க?"

"நான் இல்ல? அம்மா தரேன்டி தங்கம்" என்று சினேகா அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். பெற்றவள் வேறு எதைச் சொல்வாள்?

மறுநாள் சாயங்காலம் குமரேசன் போன் பண்ணினான். குரலில் அவ்வளவு சந்தோஷம். பாப்பா சினேகா கையால் ரசம் சாதம் சாப்பிட்டாளாம். வயிறு வற்றியிருக்கிறதாம். டாக்டர் குளுக்கோஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். "உன்னாலதான்டா அவ பொழச்சா" என்றான். அர்பாஸுக்கும் நிம்மதி. அன்றைக்குத்தான் அவனும் வாய் நாறாமல் நாலு வாய் சாப்பிட்டான்.

அடுத்த நாள் விடியற்காலை, பஜ்ர் தொழுகைக்குக் கிளம்பும்போது மறுபடி போன். குமரேசன்தான். மூச்சு வாங்கியது.

"டேய்... சினேகா எழுந்திரிக்க மாட்றாடா. எவ்ளோ உலுக்கறேன்... வாய் ஃபுல்லா பச்சரிசிடா. பாப்பா போட்டிருக்கா. அரிசி டப்பாவ எடுத்துனு வந்து, தலமாட்டுல உக்காந்துகினு, வாயத் தொறந்து காட்டினு கீறாடா..."

"டேய், மொதல்ல அரிசிய வழிச்சு எட்றா! மூஞ்சில தண்ணி அடி! மூச்சு இருக்கா பாரு!"

போன் கீழே வைக்கப்பட்ட சத்தம். பிள்ளை ஏதோ சொல்லுகிற சத்தம். திரும்ப வந்தபோது குமரேசனின் குரல் அவன் குரல் மாதிரியே இல்லை.

"மூச்சு இல்லடா" என்றான். "ஒடம்பு சில்லுனு கீது..."

அர்பாஸ் போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான்.

"ஆனா மென்னுனே கீறாடா."