ஏசுவடியான் நாற்காலி

ரொம்ப வருசத்துக்கு முந்தி, நம்ம மீட்பர்விளை கோயிலுக்கு ஓலைக்கூரை போட்டிருந்த காலம். அப்ப ஏசுவடியான்னு ஒருத்தர் இருந்தாராம். இந்த ஊருல மொத மொத ஞானஸ்நானம் வாங்கின ஆளு. தலையில ஊத்தின தண்ணி காயுறதுக்குள்ள தலைக்கனம் ஏறிட்டுன்னு சொல்லுவாவ.

கிணத்தடிக்குப் போனா, "தள்ளுங்க, ஆண்டவரு தெரிஞ்செடுத்த ஆளு வாரேன்!" சவரத்துக்குப் போனாலும், "மொதல்ல எனக்கு. ஆண்டவரு தெரிஞ்செடுத்த ஆளு!"

அவருக்கு ஒரு அண்ணன், பேச்சிமுத்து. அவரு கிறிஸ்தவ வேதத்துல சேரல. அதனால மூணு வருசமா ஏசுவடியான் அண்ணன்கூடப் பேச்சே கிடையாதாம். அடுத்தடுத்த வீடுதான். அண்ணன் அந்தப் பக்கம் தும்மினா இவரு இந்தப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிடுவாராம்.

அந்த வருசம் கோயில்ல அசனம். ஊருக்கே சோறு. ஆட்டுக்கறியும் கத்திரிக்காயும் போட்ட கொழம்பு. எல்லாரும் தரையில இருக்காவ. இவரு மட்டும் பனங்கட்டையில ஒரு நாற்காலி செஞ்சு, தலையில தூக்கிட்டு வந்துட்டாரு.

கோயில நடத்துற உபதேசியார் கேட்டாராம், "நாற்காலியில இருந்தா எலைய எங்கய்யா போடுறது?"

"மடியில போடுங்க ஐயா! தெரிஞ்செடுத்தவன் தரையில இருக்கலாமா?"

அந்த நேரம் பாத்து அண்ணன் பேச்சிமுத்து வந்து வாசல்ல நிக்காரு. "தம்பி கோயில்ல விருந்துன்னாவ. அதான் வந்தேன்."

இவரு நாற்காலியில இருந்தமேனிக்கே, "தெரிஞ்செடுத்த ஆளுவ தின்னு மிச்சம் இருந்தா வரலாம்!"ன்னுட்டாரு.

அண்ணன் துண்ட ஒதறித் தோள்ல போட்டாரு, திரும்பி நடந்துட்டாரு.

ஏசுவடியான் பொஞ்சாதி ஞானப்பூ அப்ப கொழம்பு வாளியோட நிக்கா. டங்குன்னு வாளியக் கீழ வச்சா.

"ஏங்க, சந்தையில நானும்தான் கத்திரிக்கா தெரிஞ்செடுக்கேன். சொத்தை இருக்கான்னு ஒண்ணொண்ணா உருட்டிப் பாத்து எடுக்கேன். எதுக்கு? வீட்டுக்குள்ள நாற்காலி போட்டு ஒக்கார வைக்கவா? வெட்டிக் கொழம்புல போடத்தானே! ஆண்டவரு உங்கள எதுக்கு எடுத்தாருன்னு ஒரு நாளாவது அவருகிட்டக் கேட்டீங்களா? அந்தா போறது உங்க கூடப்பொறந்தவரு. இன்னைக்கு விட்டா இனி ஒங்க மொகத்துல முழிப்பாரா?"

ஏசுவடியான் பாத்தாரு. தெருவுல அண்ணன் முதுகு போவுது. சின்னதுல அவரை உப்புமூட்டை தூக்கின முதுகு. வெக்கமாப் போச்சு அவருக்கு. அழுகையும் வந்துட்டாம்.

வாளியத் தூக்கிட்டு ஓடினாரு பாருங்க! கொழம்பு சிந்துது. பின்னால ரெண்டு நாய். நாய்க்குப் பின்னால உபதேசியார், "வாளி! வாளி!"ன்னுட்டு.

"அண்ணே! நில்லுண்ணே!"

மூணு வருசத்துல மொத வார்த்தை. அண்ணன் நின்னுட்டாரு.

"என்னலே, மிச்சமா?"

"மொத கரண்டிண்ணே. இன்னும் ஒருத்தரும் கை நனைக்கல."

ஞானப்பூ எலையும் சோறும் கொண்டாந்தா. பின்னாலயே நாற்காலியும் வந்துச்சு. "இதுல இருண்ணே"ன்னு கெஞ்சுதாரு தம்பி.

"எனக்குத் தரை போதும்லே. அதுல வாளிய வை. பாதிக் கொழம்பு மண்ணுக்குப் போயிட்டு."

அன்னைக்கு ஊருக்கே வெளம்பிட்டுக் கடைசியாத்தான் ஏசுவடியான் ஒக்காந்தாராம். வாளியில கெடந்தது ஒரே ஒரு கத்திரிக்காத் துண்டு. அதைத் தின்னுட்டு, பொஞ்சாதியப் பாத்து, "சொத்தை இல்லட்டி"ன்னாராம்.

அதனாலதான் மக்கா, இன்னைக்கும் நம்ம அசனத்துல மொத எல கோயிலுக்கு வெளிய, தெருவுல விழுது. அங்கன அந்த நாற்காலி, அதுமேல கொழம்பு வாளி. ஏசுவடியான் வகையறா நாங்க கடைசிப் பந்தி. போன வருசம் எங்க புது மருமவன் வெவரம் தெரியாம அந்த நாற்காலியில ஒக்காந்துட்டாரு. நாங்க ஒண்ணும் திட்டல. வாளிய எடுத்து அவரு கையில குடுத்துட்டோம்.