மூன்றாம் வீட்டுச் செவ்வாய்

காபி வேண்டாம் அம்மா, இன்று ஏகாதசி. ஆனாலும் கேட்டதே சந்தோஷம். அரசாங்க ஆபீசில் உட்கார நாற்காலி கொடுத்து, குடிக்க ஏதாவது வேண்டுமா என்றும் கேட்ட முதல் கோட்டாட்சியர் நீங்கள்தான். வாசலில் பழனி என்னை அடிக்கப் பாய்ந்ததற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம். பெண்ணைப் பறிகொடுத்தவன், பாயத்தான் செய்வான். அவன் பாய்ந்தது எனக்கு உறைக்கவில்லை. கத்தியதுதான் உறைத்தது.

"கம்ப்யூட்டரு தப்பா காட்டிடுச்சிம்மா! அந்தப் பாழாப்போன பொட்டிதான் எம் பொண்ணக் கொன்னுடுச்சி!"

நீங்களும் தலையை ஆட்டினீர்கள். இதோ தட்டச்சு செய்துகொண்டிருக்கிற காந்தா அம்மாளும் அப்படியே எழுதியிருப்பார். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இறந்தால் கோட்டாட்சியர் விசாரிக்க வேண்டும் என்பது சட்டம். தீபிகாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஜாதகம் பார்த்தவன் என்ற முறையில் என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டிருக்கிறீர்கள். இரண்டு கேள்வி கேட்டு அனுப்பிவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். ஆனால் பெட்டி தப்பு செய்தது என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறுவதை நான் அனுமதிக்க முடியாது. நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளட்டும்.

என் பெயர் முரளீதரன். சின்ன காஞ்சிபுரத்தில் கணினி ஜோதிட நிலையம் வைத்திருக்கிறேன். பலகையில் 'ஜோதிடக் கணினிச் சக்கரவர்த்தி' என்று போட்டிருப்பது ஒரு விழாவில் கிடைத்த பட்டம். விழாவை நடத்தியது நான். பொன்னாடை வாங்கியதும் நான். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஊரெல்லாம் பட்டு நெய்கிறார்கள் என்பதற்காக, யாராவது வந்து நமக்குப் போர்த்துவார்கள் என்று காத்திருந்தால் தோள்தான் வலிக்கும்.

ஜோதிடம் தெரியுமா என்றால், கட்டத்தைப் பார்த்துப் பலன் சொல்வேன். கட்டத்தைக் கணித்துப் போட வராது. அதைப் பெட்டி செய்தது. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆனால் தட்டச்சு வரும். தாலுகா ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்த விரல்கள் இவை. ஜாதகம் பார்க்க வந்தவர்கள் பிறந்த நாளையும் நேரத்தையும் சொன்னதும் கண்ணை மூடிக்கொள்வேன். வாய் சுலோகத்தைத் தொடங்கும். கை தானாகப் போகும். மூலைப் பொத்தான், மேலே ஒரு தட்டு, பக்கத்தில் ஒரு தட்டு, பிறகு நாள், நேரம், ஊர். சுலோகத்தின் கடைசி வரியும் பிரிண்டரின் முதல் கீச்சும் ஒன்றாக வரும். அதற்காகச் சுலோகத்தில் எந்த இடத்தில் இழுக்க வேண்டும், எந்த இடத்தில் விழுங்க வேண்டும் என்று பல மாதம் ஒத்திகை பார்த்திருக்கிறேன். தென்னேரியிலிருந்தும் திருப்புட்குழியிலிருந்தும் ஆட்கள் வண்டி பிடித்து வந்தது பலனுக்காக இல்லை, இதைப் பார்க்கத்தான். "கண்ண மூடிக்கினே அடிக்கிறாரு பாரேன். பெருமாளே வந்து கையில உக்காந்துக்கினு இருக்காரு" என்பார்கள். பிரிண்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பெண்கள் உண்டு. அவர்களுக்குக் குங்குமம் கொடுக்கவேண்டியிருக்கும் என்று பிரிண்டர் மேலேயே ஒரு கிண்ணம் வைத்திருந்தேன்.

இரண்டாயிரத்து ஏழு ஐப்பசியில் ஓர் இடி விழுந்து பெட்டி புகைந்துபோயிற்று. சர்வீஸ் கடையிலிருந்து வந்தவள்தான் தீபிகா. பழனியின் பெண், டிப்ளமா படித்தவள். ஸ்கூட்டியில் வந்து, செருப்பை வாசலிலேயே உதறிவிட்டு, நான் உட்காரச் சொல்வதற்கு முன் என் இடத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது தேறாது ஐயரே. புதுசுதான் மாட்டணும்."

"ஐயங்கார்" என்றேன்.

"சாரி சாமி. புதுசுல எல்லாமே சூப்பரா இருக்கும், பாருங்க."

பெட்டிக்குள் பழைய பதிப்பையே போடச் சொன்னேன். புது மெஷினோடு வருவதுதான் வரும், பழசு இனிமேல் கிடையாது என்றாள். மறுநாள் மாட்டிவிட்டுப் போனாள்.

அம்மா, நீங்கள் வெளியூர். எங்கள் ஊரைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். நாமத்துக்கு அடியில் பாதம் உண்டா இல்லையா என்று தலைமுறை தலைமுறையாகக் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் நாங்கள். ஒரு கோடு இடம் மாறினால் வக்கீல் வைப்போம். அப்படிப்பட்டவன் காலையில் திரையைத் திறந்தால், ஸ்டார்ட் என்று கொட்டை எழுத்தில் இருந்த பொத்தானைக் காணவில்லை. அந்த மூலையில் ஏதோ ஓர் உருண்டை, பேரில்லை. திரையில் திறக்கிற ஜன்னல்களின் ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி, பின்னால் இருப்பது மங்கலாகத் தெரிகிறது. பின்னால் இருப்பது எனக்கு எதற்கு? என் தமிழ் எழுத்தெல்லாம் வெறும் சதுரமாக வந்து நின்றது. அதை அவள் வந்து சரிசெய்தாள். ஆனால் எதைத் தொட்டாலும் திரை இருண்டு, இதைச் செய்வது நீர்தானா, அனுமதிக்கிறீரா என்று கேட்கிறது. சொந்த வீட்டில் நுழைகிறவனை வாசலில் நிறுத்தி யார் நீ என்று கேட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

போன் செய்தேன். "ஸ்டார்ட் எங்கேம்மா?"

"எல்லாம் அங்கியேதான் சாமி இருக்குது. இடந்தான் கொஞ்சம் மாறிக்கிது. என்னாத்துக்கு டென்ஷன் ஆவுறீங்க?"

இடந்தான் மாறியிருக்கிறதாம். ஜோதிடம் பார்க்கிறவனிடம் சொல்கிறாள்.

கார்த்திகை முகூர்த்த நாளில் அது நடந்தது. அறை நிறையக் கூட்டம். பெரிய பெட்ரோமாக்ஸ் மாதிரி மூக்குத்தி போட்ட ஒருத்தியின் குடும்பம், இரண்டு காரில் வந்திருந்தது. தீபிகா பிரிண்டர் ஒயரை மாற்றுவதற்காக மேஜைக்கு அடியில் குந்தியிருந்தாள். நான் கண்ணை மூடிச் சுலோகத்தைத் தொடங்கினேன். இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்தேன், விழுங்க வேண்டியதை விழுங்கினேன். கடைசி வரி முடிந்தது. பிரிண்டர் கீச்சிடவில்லை. முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன். அப்போதுதான் மேஜைக்கு அடியிலிருந்து தலையை நீட்டினாள்.

"சாமி, கண்ணத் தொறந்து பாருங்க சாமி! அது உங்களத்தான் கேட்டுக்கினு இருக்குது. எஸ்ஸா நோவான்னு சொல்லுங்க, பாவம், எவ்ளோ நேரம் நிக்கும்!"

சிரித்தாள். அவள் சிரிப்பில் கெட்ட எண்ணம் இல்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள், நான் நியாயமாகப் பேசுகிறவன். ஆனால் அறை முழுக்கச் சிரித்தது. பின்னால் ஒரு கிழவி, "பெருமாளு இன்னிக்கு லீவாப்பா?" என்றாள். மூக்குத்திக்காரி ஜாதகத்தை வாங்கிக்கொண்டாள், பிரிண்டரைத் தொட்டுக் கும்பிடவில்லை. அதன் பிறகு யாருமே கும்பிடவில்லை. குங்குமக் கிண்ணத்தில் எறும்பு ஏறிற்று.

தை பிறந்ததும் பழனி வந்தான். பெண்ணுக்கு வரன் வந்திருக்கிறது என்றான். பையன் அஜித், ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் விரும்பி, வீட்டிலும் சம்மதம் வாங்கிவிட்டார்கள். பையனின் தாயார் எல்லம்மாள் மட்டும், ஜாதகம் சேர்ந்தால்தான் தாம்பூலம் மாற்றுவேன் என்று நின்றாளாம்.

"உங்க கிட்டதான் பாக்கணும்னு தீபிகாவே சொல்லிச்சி சாமி. அவரு மெஷினு நான் மாட்டுனது நைனா, தப்பே வராதுன்னிச்சி."

உண்மை. தப்பு வரவில்லை. பழனியைச் சாயங்காலம் வரச் சொல்லிவிட்டுக் கட்டத்தைப் போட்டேன். அருமையான பொருத்தம். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு சேர்க்கையை நான் அதிகம் பார்த்ததில்லை. தீபிகாவுக்குச் செவ்வாய் மூன்றாம் வீட்டில், யாருக்கும் தொந்தரவில்லாமல், சாதுவாக இருந்தது.

பெட்டியின் வேலை அதோடு முடிந்தது அம்மா. மிச்சம் என்னுடையது. மவுஸ் என்கிற அந்த எலியால் ஒரு சொல்லை மேலே கறுப்படித்துப் பிடித்து, இழுத்து, வேறு இடத்தில் விடுகிற வித்தையை அவள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள். 'செவ்' என்ற சொல்லைப் பிடித்தேன். மூன்றாம் வீட்டிலிருந்து எட்டாம் வீட்டுக்கு இழுத்துப் போய் விட்டேன். எட்டாம் வீடு பெண்ணுக்கு மாங்கல்ய ஸ்தானம். அங்கே செவ்வாய் உட்கார்ந்தால் தாலி நிற்காது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அந்த எலி முதன்முதலாக என் கைக்கு அடங்கியது அன்றைக்குத்தான்.

அவள் என் பொத்தானை என்னைக் கேட்டா மாற்றினாள்?

எல்லம்மாள் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஒத்தப் புள்ளயப் பெத்து வெச்சிக்கினு இருக்கறேன், என்னால ஆவாதும்மா" என்று எழுந்து போய்விட்டாள். தாம்பூலத் தட்டு அப்படியே இருந்ததாம்.

மறுநாள் தீபிகா வந்தாள். அன்று என் இடத்தில் உட்காரவில்லை, நின்றுகொண்டிருந்தாள். பழனி பின்னால் நின்றான். நான் மாட்டிக்கொள்வேன் என்று எதிர்பார்த்தீர்கள் இல்லையா? அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை.

"சாமி, நான் இன்ஸ்டால் பண்ணதுல எதுனா மிஸ்டேக் இருக்கும். என் மேலதான் தப்பு. இன்னொரு தபா போட்டுப் பாருங்க. ஒரே ஒரு க்ளிக்கு சாமி."

போட்டிருந்தால் மூன்றாம் வீடுதான் வந்திருக்கும். அதனால், ஒருமுறை கணித்த தோஷத்தைச் சந்தேகப்பட்டு மறுபடி கணித்தால் அது இரட்டிப்பாகி, பெற்றவர்களையும் சேர்த்துப் பிடிக்கும் என்றேன். அப்படி ஒரு விதி கிடையாது. அந்த நிமிஷத்தில் தோன்றியது. நன்றாகவே தோன்றியது.

"அதெல்லாம் சும்மா நைனா. நானே போட்டுக் காட்டறேன்" என்று எலியைத் தொடப் போனாள். பழனி அவள் கையைத் தட்டிவிட்டான். "கம்முனு இரு. ஆத்தாளையும் சேத்து முழுங்கிடப் போறியா?" என்றான். அவள் கையை இழுத்துக்கொண்டாள். பிறகு வேறு யாரிடமும் போய்ப் பார்க்கவும் பழனி விடவில்லை. நான் சொன்ன விதி அவ்வளவு வேலை செய்தது.

தோஷக்காரி என்று பெயர் வந்தபின் யாரும் பெண் கேட்டு வரவில்லை. அஜித் கொஞ்ச நாள் முரண்டு பிடித்துவிட்டு, வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். சித்திரையில் பழனி மறுபடியும் வந்து அழுதான். செவ்வாய்க்குச் செவ்வாய்தான் சேரும் என்று ஆறுதல் சொல்லி, வாலாஜாபாத் பக்கம் செங்கல் சூளை வைத்திருக்கிற தணிகாசலத்தின் ஜாதகத்தை எடுத்துக் கொடுத்தேன். அவனுக்கு இரண்டாம் தாரம். தரகு ஒரு பைசா வாங்கவில்லை. அதையும் எழுதிக்கொள்ளட்டும்.

முதல் தாரத்துக்கு என்ன ஆயிற்று என்று பழனி கேட்டான். விதி முடிந்தது என்றேன். அது பொய் இல்லை. முழுவதும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த முதல் பெண்ணுக்கும் பொருத்தம் பார்த்தவன் நான்தான். அவள் தாயார் அன்னம்மாள் அப்போதே ஒருநாள் என் கடைக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, சாப்பிடக்கூடப் போகாமல் எல்லாவற்றையும் சொன்னாள். குடித்துவிட்டுக் கதவைத் தாழ்போடுவானாம். கேஸ் அடுப்பு இருக்கிற வீட்டில் மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்ததாம். போலீசில் எல்லாம் பேசி முடித்தாயிற்றாம். "நீ சொன்ன பொருத்தம்தானே சாமி" என்றாள். அவளுக்கு மோர் கொடுத்து அனுப்பினேன்.

நீங்களும் இப்போது அதைத்தான் கேட்கிறீர்கள், கேஸ் இருக்கிற வீட்டில் ஸ்டவ் எதற்கு என்று. அந்த வீட்டில் அது ஒரு பழக்கம் அம்மா.

தெரியுமா என்று கேட்டால், தெரியும். தணிகாசலம் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துதான் தீபிகாவை அவனுக்குக் கட்டிவைத்தேன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து செய்தி வந்தபோது எனக்கு ஆச்சரியமாக இல்லை. தணிகாசலத்தைப் பிடித்து உள்ளே போடுங்கள், அது உங்கள் வேலை. என்னைப் போடுவதானாலும் போடுங்கள். ஆனால் பெட்டி தவறாகக் காட்டியது என்று எழுதிய வரியை அடித்துவிட்டு, முரளீதரன் மாற்றினான் என்று போட வேண்டும். என் கடைக்கு வந்தவர்களின் தலையெழுத்தை ஓர் இயந்திரம் எழுதியது என்று இந்த ஜில்லாவில் ஒருத்தனும் சொல்லக் கூடாது. கையெழுத்தும் போட்டுத் தருகிறேன், பட்டத்தோடு.

காந்தா அம்மாள் ஏன் முழிக்கிறார்? ஓ, இங்கேயும் அதே புதுப் பதிப்பா. பயப்படாதீர்கள் அம்மா, அந்த மூலை உருண்டையை அழுத்துங்கள். கீழே ஒரு கட்டம் வரும். எது வேண்டுமோ அதன் பேரில் இரண்டு எழுத்து அடித்தால் போதும், அதுவே தேடிக் கொண்டுவந்து நிறுத்தும். பழையதில் இந்த வசதி ஏது? எனக்கும் ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. மாசியிலேயே, எல்லம்மாள் எழுந்து போன கொஞ்ச நாளிலேயே, கைக்கு வந்துவிட்டது. சித்திரையில் தணிகாசலத்தின் ஜாதகத்தை அதில்தான் தேடி எடுத்தேன், ஒரு நொடியில் வந்தது. உள்ளதைச் சொன்னால் அம்மா, பழையதற்கு இது எவ்வளவோ தேவலை.